கொன்னைக் கம்பும் அறுப்பு மெசினும்

அன்று காலையில் ரோட்டோரம் நின்றவர்கள் இவ்வளவு பேர்.

நான்.

என் வீட்டுக்காரர் சுயம்பு. தோளில் துண்டு, வாயில் வெற்றிலை.

தாணு அண்ணாச்சி. ரோட்டை ஒட்டின முதல் வயல் அவருடையது. கையில் குடை.

தங்கம்மை. அறுப்புக்காரிகளுக்குத் தலைவி. அரிவாளைச் சாக்கில் சுற்றி இடுக்கியிருந்தாள். அவளோடு அஞ்சு பெண்கள்.

புரோக்கர் சேவியர். மெசின் பிடித்துக் கொடுக்கிறவன். காதை விட்டுப் போன் இறங்காது.

டிரைவர் முருகேசன். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். எங்கள் பேச்சு அவருக்குப் பாதி புரியும். அவர் பேச்சு எங்களுக்கு முழுக்கப் புரியும், ஆனால் சிரிப்பு வரும்.

கடைசியாக மெசின். லாரியிலிருந்து இறங்கி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டுக் கூரையைவிட உசரம்.

புரட்டாசி மாசம். நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. மணி எட்டு இருக்கும்.

முளை

எங்கள் வயல் ரோட்டிலிருந்து அஞ்சாவது. ஒன்றரை ஏக்கர், குத்தகை. பூதப்பாண்டிக்குக் கிழக்கே கீழப்பத்து. பத்து என்றால் சேர்ந்து கிடக்கிற வயல்கள்.

வருசத்தில் எங்களுக்கு ரெண்டு பூ, அதாவது ரெண்டு விளைச்சல். சித்திரையில் தொடங்கிப் புரட்டாசிக்குள் அறுக்கிறது கன்னிப்பூ. மழைக்கு முந்தி அறுத்தால் நெல். பிந்தினால் என்னவோ.

அந்த வருசம் பிந்தியது. நெல் மொத்தமும் சாய்ந்து பாய் விரித்த மாதிரி கிடந்தது. கதிர் வெள்ளத்தில் கிடந்தது. வெள்ளம் என்றால் எங்களுக்குத் தண்ணீர்தான்.

முந்தின நாள் ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்தேன். நுனியில் மூன்று நெல்மணியில் வெள்ளையாக என்னவோ தெரிந்தது. எறும்பு முட்டை என்று நினைத்தேன். நகத்தால் தட்டினேன். விழவில்லை. முளை.

இன்னும் ரெண்டு நாள் கிடந்தால் வயல் முழுக்க நாற்றங்கால் ஆகிவிடும். முளைத்த நெல்லை மில்லில் வாங்க மாட்டார்கள். அரைத்தால் குருணை. குத்தகை நெல் மட்டும் அளந்தே ஆகவேண்டும். வீட்டில் வந்து சொன்னேன். அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ச் சேவியருக்குப் போன் போட்டார்.

கையால் அறுக்க ஆளில்லை. முன்பு தங்கம்மையோடு இருபது பேர் வருவார்கள். நூறு நாள் வேலை வந்து ரெண்டு வருசம் ஆகியிருந்தது. சிலர் அதற்குப் போனார்கள். சிலர் முந்திரி உடைக்கிற அண்டி ஆபீசுக்குப் போனார்கள். மிச்சம் ஆறு பேர். சாய்ந்த நெல்லை ஈரத்தில் ஆறு பேர் அறுத்தால் அஞ்சு வயலுக்கும் பத்து நாளாவது வேண்டும்.

இன்னொரு விசயமும் சொல்லவேண்டும். எங்கள் பத்துக்குள் வண்டிப்பாதை கிடையாது. வயல் விட்டு வயல்தான். ரோட்டு வயலை அறுத்தால்தான் அடுத்த வயலுக்கு மெசின் இறங்கும். முதல் வயல்காரர் மாட்டேன் என்றால் பின்னால் உள்ள எல்லாருக்கும் இல்லை. நடுவில் மூன்று வயல்காரர்களும் வெளியூரில் இருந்தார்கள். போனில் கேட்டதற்கு மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். அண்ணாச்சி சரி என்றால் சரி.

அண்ணாச்சி சரி என்று சொல்லவில்லை.

ஊருக்குள் பேச்சு

அந்த மெசின் அந்த வருசம்தான் புதிதாக எங்கள் பக்கம் வந்தது. அதற்கு முன் வந்தவை சின்னவை, டயர் வண்டி. காய்ந்த வயலில் மட்டும் ஓடும். இது பெரிது. டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட். சேற்றிலும் போகும், ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கருக்கு மேலேயே அறுக்கும் என்றான் சேவியர்.

மெசின் வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே அதைப் பற்றிய பேச்சு வந்துவிட்டது.

அது வயிற்றுக்குள் ரெண்டு மூட்டை நெல்லை ஒளித்து வைக்கும். டிரைவர் அடுத்த ஊரில் போய்த் திறந்து எடுத்துக்கொள்வான்.

அது ஏறின வயலில் மூன்று பூ விளையாது.

அது கக்குகிற வைக்கோலைப் பசு மோந்துகூடப் பார்க்காது.

தவளை, நண்டு, சாரைப்பாம்பு எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கும். அந்த அரிசியில் சோறு வடித்தால் மீன் வாடை அடிக்கும். தாணு அண்ணாச்சி முட்டைகூடத் தொடாதவர். அவருக்கு இது ஒரு பெரிய கவலை.

எல்லாவற்றுக்கும் மேலே, புதைந்த கதை. தோவாளைப் பக்கம் ஒரு வயலில் இறங்கின மெசின் கழுத்தளவு புதைந்துவிட்டது என்று.

நான் எல்லாம் கேட்டேன். மழை பெய்கிறபோது ஆட்களுக்கு வேறு சோலி இல்லை.

பச்சைக் கரை

ரோட்டோரத்துக்கு வருகிறேன்.

சேவியர்தான் முதலில் வாய் திறந்தான். "அண்ணாச்சி, ஒம்ம வயல்ல எறங்குனாத்தான் உள்ள போவ முடியும். ஒரு வார்த்த சொல்லும்."

"சொல்லியாச்சு. வேண்டாம்."

"ஒமக்க நெல்லும் சாஞ்சுல்லா கெடக்கு."

"கெடக்கட்டும். நெல்லு போனா ஒரு பூவோட போச்சு. மெசின் புதஞ்சா வயலே போச்சு. தோவாளையில ரெண்டு நாளு எடுக்க முடியல்ல, தெரியுமா? பன்னெண்டு பேரு வடம் கெட்டி இழுத்தானுவ. ஆனைக்கி ஆள் உட்டானுவ."

"ஆனை வந்துதா?"

"வரல்ல. பாகன் கூலி கூடுதலா கேட்டானாம்."

தங்கம்மை நடுவில் புகுந்தாள். "எறங்கட்டும் அண்ணாச்சி. எறங்கிப் புதையட்டும். நாங்க ஆறு பேரும் வரப்புல நின்னு குரவை இடுகோம்."

முருகேசன் பொறுமையாகச் சொன்னார். "ஏங்க, இது பெல்ட் வண்டிங்க. சேத்துல போறதுக்குன்னே செஞ்சதுங்க."

"தம்பி, பேசாம நில்லும். ஒமக்கு எங்க சேறு தெரியாது." அண்ணாச்சி குடையை மடக்கினார். பிறகு மெசினைப் பார்த்துக்கொண்டே மிச்சக் கதையைச் சொன்னார்.

"கடைசியில ஒருத்தன் உடுத்திருந்த வேட்டிய அவுத்து டயருக்கு அடியில போட்டான். ஓணத்துக்கு எடுத்த புது வேட்டி. பச்சைக் கரை. அது மேல ஏறித்தான் வெளிய வந்துது. அவன் துண்டக் கெட்டிக்கிட்டு ஊருக்குள்ள நடந்து போனானாம், பாவம்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் தாடகை மலையைப் பார்த்தார்.

அந்த வேட்டி

அதற்கு ஏழெட்டு வருசம் முன்னால் நடந்தது. உழவுக்கு வாடகை டிராக்டர் வந்தது. எங்கள் வயலின் வடக்கு மூலையில் ஒரு உளை உண்டு. உளை என்றால் மேலே மற்ற சேறு மாதிரியே இருக்கும், கால் வைத்தால் தொடை வரைக்கும் இழுக்கும். அங்கே விடாதீங்க என்றேன். நான் பாத்துக்கிடுகேன், நீ போட்டி என்றார்.

டிராக்டர் பின் சக்கரம் ரெண்டும் போய்விட்டது. பன்னிரண்டு பேர் வடம் கட்டி இழுத்தார்கள். சாயங்காலம் ஆயிற்று. கடைசியில் கோபம் வந்து உடுத்தியிருந்த வேட்டியை அவிழ்த்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். டிராக்டர் ஏறிவிட்டது. வேட்டி போயிற்று.

அன்றைக்கு அது அவருக்கு வெட்கம். பிறகு போகப்போகப் பெருமை ஆயிற்று. மழைக்காலம் வந்தால் சாயாக்கடையில் அதைச் சொல்லாமல் வரமாட்டார். வருசா வருசம் கதையில் உளை ஆழமானது. நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிடுவேன். வேட்டி போன மனுசனுக்குக் கதையாவது இருக்கட்டும்.

அந்தக் கதை சாயாக்கடையில் ஏறி, முடிவெட்டுகிற கடைக்குப் போய், உரக்கடைக்குப் போய், தோவாளை வரை நடந்து, டிராக்டர் மெசினாக வளர்ந்து, ஒரு யானையையும் கூட்டிக்கொண்டு தாணு அண்ணாச்சியிடம் திரும்பி வந்திருக்கிறது. வேட்டியின் கரை மட்டும் மாறவில்லை.

எனக்கு அவரை ஊர் முன்னால் குறைத்துப் பேச விருப்பமில்லை. ஆனால் நெல் முளைக்கிறது.

"அண்ணாச்சி," என்றேன். "அந்த வேட்டி எங்க வீட்டு வேட்டி."

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் புரியவில்லை. முதலில் தங்கம்மை சிரித்தாள். அவளும் அன்று அந்த வடத்தைப் பிடித்தவள்.

"எண்ணே சுயம்பண்ணே, ஒம்ம துண்டு நடையயா இவ்வளவு நாளும் ஊரு பேசிக்கிட்டுக் கெடக்கு!"

அண்ணாச்சி திரும்பினார். "ஓய் சுயம்பு. உள்ளதா?"

என் வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் டிராக்டர்னுதான் சொன்னேன். ஆனைய நான் சொல்லல்ல."

சேவியர் போனை மூடிவிட்டுச் சிரித்தான். முருகேசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அவரும் சிரித்தார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கணக்காக யோசிக்கிறவர்.

"அப்போ தோவாளையில ஒண்ணும் புதையல்ல."

"இல்ல அண்ணாச்சி."

"புதஞ்சது இங்க. நம்ம பத்துல."

"ஆமா."

"அப்போ முன்னவிட மோசம்லா பிள்ளே?"

அவர் சொன்னது சரி. நான் அதை நினைக்கவில்லை.

"மோசந்தான். ஆனா எங்க புதையும்னு எனக்குத் தெரியும்," என்றேன்.

கால் பார்த்தது

போன வாரம் இதே பத்திரிகையில் நாற்று நடுகையைப் பற்றி எழுதினதைப் படித்து ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார். ஏன் பின்பக்கமாக நடந்து நடுகிறீர்கள் என்று கேட்டிருந்தார். நட்ட நாற்றை மிதிக்காமல் இருக்கத்தான். அதில் இன்னொன்றும் உண்டு. கண் முன்னால் இருக்கும், கால் பின்னால் போகும். போகிற இடத்தைக் காலே பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது வருசம் அப்படி நடந்தால் நட்ட வயலின் அடி முழுக்கக் காலுக்குப் பாடமாகிவிடும்.

எங்கள் பத்தில் ஒரு காலத்தில் ஓடை இருந்ததாம். தூர்ந்ததும் வயலாக்கிவிட்டார்கள். அந்த ஓடை போன வழியில்தான் உளைகள். எங்கள் வடக்கு மூலையில் தொடங்கிக் கோணலாக நடுவில் மூன்று வயலைக் கடந்து அண்ணாச்சி வயலில் போய் முடியும். வரப்பில் நிற்கிற ஆண்களுக்கு அது தெரியாது. நடுகைக்கு இறங்கினவளுக்குத் தெரியும்.

உளைக்கு உளை ஒரு கம்பு நட்டுவிடலாம், மெசின் கம்பைச் சுற்றிப் போகட்டும் என்றேன். "அப்படிச் செஞ்சா எனக்குப் போதுங்க," என்றார் முருகேசன். அண்ணாச்சி யோசித்தார்.

"நீயே எறங்கிக் காலு வச்சுப் பாத்து நடுவியா? சும்மா நெனவுல நடக்கூடாது."

"கால் வச்சு நடுகேன்."

"அப்போ எறக்கு."

ஆனால் எனக்கு எங்கள் வயலும் பக்கத்து வயலும்தான் நன்றாகத் தெரியும். மற்ற மூன்றும் தங்கம்மைக்குத்தான் தெரியும். அவள் அரிவாளை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"நீயும் எறங்கு தங்கம்மை."

"எனக்க சோத்துல மண்ணு விழ நானே கம்பு நடணுமாக்கும்?"

கையில் ஒரு கதிர் வைத்திருந்தேன். அதைக் கொடுத்தேன். அவள் ஒரு நெல்லை உரித்து வாயில் போட்டாள். மென்றாள். முளைக்கப் போகிற அரிசி இனிக்கும்.

"இனிப்பு வந்துட்டே," என்றாள்.

"ஆமா."

"கம்புக்குப் பக்கத்துல மெசின் போவாதுல்லா. அத யாரு அறுப்பா?"

"நீங்கதான். ஓரமும் மூலையும் உங்களுக்குத்தான். கூலி நெல்லாத் தாறேன், எப்பவும் போல."

"அண்ணாச்சி வயலிலயும்?"

அண்ணாச்சி தலையை ஆட்டினார்.

அவள் அரிவாளைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டுச் சேலையை எடுத்துச் செருகினாள். "ஏட்டி பகவதி, கம்பு எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

வேலியில் சீமைக்கொன்னை நின்றது. என் வீட்டுக்காரர் வெட்டிக் கொடுத்தார். வெட்கத்தில் வேகமாக வெட்டினார். அடுப்படித் துணியாகக் கிடந்த என் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கம்பு நுனியில் கட்டினோம். அண்ணாச்சி வயலில் அவள் இறங்கினாள். எங்கள் வயலில் நான் இறங்கினேன். ஒவ்வோர் அடியும் குதிகாலை முதலில் ஊன்றி, இழுக்கிறதா என்று பார்த்து, இழுத்தால் கம்பு. ஒரு இடத்தில் தங்கம்மை இடுப்பு வரைக்கும் போய்விட்டாள். ரெண்டு பேர் கையைக் கொடுத்து இழுத்தார்கள்.

"அண்ணாச்சி, ஒம்ம வேட்டிய அவுத்துப் போடும்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அப்போதுதான் அண்ணாச்சி சிரித்தார்.

நட்டு முடித்துக் கரையேறி எண்ணினோம். பத்தொன்பது கம்பு.

மலை மேல் மேகம்

முருகேசன் உடனே மெசினை எடுக்கவில்லை. சாய்ந்து கிடந்த நெல் தாளை ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்த்தார். ஈரம் இருந்தால் டிரம்மில் சுற்றிக்கொள்ளும், நெல் வைக்கோலோடு வெளியே போய்விடும் என்றார். பத்து மணிக்கு ஒரு தடவை முறுக்கினார். பத்தரைக்கு ஒரு தடவை. பிறகு ஏறி உட்கார்ந்தார்.

எங்களுக்கு மணி முக்கியம். மேகம் தாடகை மலை மேல் உட்கார்ந்தால் மூன்று நாலு மணிக்குள் பத்தில் மழை இறங்கிவிடும்.

மெசின் அண்ணாச்சி வயலில் இறங்கியது. சாய்ந்த நெல்லைச் சீப்பு வாருகிற மாதிரி வாரி உள்ளே இழுத்தது. சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. நாலாவது கம்புக்குப் பக்கத்தில் இடது பக்கம் சரிந்தது. பெல்ட் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. கறுப்புச் சேறு தெறித்தது.

என் வீட்டுக்காரரின் கை வேட்டி மடிப்புக்குப் போனதை நான் பார்த்தேன்.

முருகேசன் நிறுத்தினார். பைய பின்னால் எடுத்தார். ஒரு முழம், இன்னொரு முழம். ஏறிவிட்டது. கம்பை இன்னும் கொஞ்சம் அகலமாகச் சுற்றிப் போனார்.

பின்னாலேயே தங்கம்மையின் ஆட்கள் கம்பைச் சுற்றி அறுத்துக்கொண்டு வந்தார்கள்.

ரோட்டில் தார்ப்பாய் விரித்து நெல்லைக் கொட்டினார்கள். அண்ணாச்சி குனிந்து ஒரு கை அள்ளி மோந்தார். மறுபடியும் மோந்தார். "ஒண்ணும் இல்ல," என்றார். நெல் வாடைதான். தங்கம்மை விடவில்லை. மெசின் நெல்தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். முருகேசன் திறந்தார். உள்ளே தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். ஒரு கை நெல்லும் ஒரு தவளையும் வந்தன. தவளை உயிரோடு இருந்தது. அண்ணாச்சிக்குக் காட்டிவிட்டு வயல் வெள்ளத்தில் விட்டாள்.

எங்கள் வயலில் மெசின் இறங்கும்போது மணி ஒன்று. மேகம் மலை மேல் உட்கார்ந்துவிட்டது. நான் வரப்பில் நின்றேன். எங்கள் நெல்லை ரோட்டில் கொட்டினதும் போய் ஒரு பிடி எடுத்து விரித்துப் பார்த்தேன். முளைத்தது அங்கங்கே ஒன்று ரெண்டு. மற்றதெல்லாம் நெல். இன்னொரு பிடி எடுத்தேன். அதிலும் அப்படித்தான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

கடைசி மூலைக்கு மெசின் போனபோது முதல் துளி விழுந்தது. முருகேசன் வெளியே ஏறின பிறகுதான் மழை இறங்கியது. மூட்டையெல்லாம் தார்ப்பாய்க்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். நனைந்துகொண்டே சிரித்தார். "ஏட்டி, இனி பெய்யட்டும்," என்றார்.

அந்த நெல்லைத்தான் ஏழு நாள் வெயில் பார்த்துக் காயவைத்தோம். குத்தகையும் அளந்தோம். தை வரைக்கும் சாப்பிட்டோம். மீன் வாடை அடிக்கவில்லை, மீன் வாங்கின நாள் தவிர.

எண்ணி எடுப்பது

வயலில் நட்ட கம்பை எண்ணித்தான் எடுக்கவேண்டும். ஒன்று சேற்றுக்குள் கிடந்தால் அடுத்த பூவில் எவள் காலிலாவது ஏறும். அது எங்கள் வழக்கம்.

மழைக்குள் நானும் தங்கம்மையும் இறங்கினோம். பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் போட்டோம். ரோட்டுக்குக் கொண்டுவந்து எண்ணினோம். பதினெட்டு.

மறுபடியும் எண்ணினோம். பதினெட்டு.

"மெசின் தின்னுட்டோ?" என்றாள்.

முருகேசன் மெசின் வாயைக் குனிந்து பார்த்தார். இல்லை. நாங்கள் திரும்ப அண்ணாச்சி வயலில் இறங்கினோம். குனிந்து கையாலும் துழாவினோம், காலாலும் துழாவினோம். சிவப்புத் துணி ஒன்றும் தெரியவில்லை. தேடினது போதும், ஆட்கள் போகட்டும் என்று சேவியர் கத்தினான். நான் போகவில்லை. கார்த்திகையில் அந்த வயலில் களை எடுக்கப் போகிறது தங்கம்மைதான்.

அப்போது தெற்கு வரப்பில் தாணு அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கையில் குடை. மறு கையில் கம்பு. நுனியில் என் சேலைத் துண்டு.

"அண்ணாச்சி!" என்று கூப்பிட்டேன். "அந்தக் கம்பு!"

"வரப்பு வழுக்குகு பிள்ளே. ஊனிக்கிட்டுப் போறேன்."

"நீங்களே வச்சுக்கிடுங்க. ஒருக்கா தூக்கிக் காட்டுங்க, போதும்."

அவர் நின்று அதைக் குடைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

பத்தொன்பது.